ஓய்வுபெற்றவர்களுக்கு ஒரு நாள் தஞ்சாவூர்: அரண்மனை அருங்காட்சியகங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பணி ஓய்வுக்குப் பிறகு திருச்சியில் இருக்கிறேன். காலையில் ரயிலேறித் தஞ்சாவூர் அரண்மனை வளாகத்தில் பொழுதைக் கழித்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்புவது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. காலை நடைக்கு வரும் நண்பர்களும் பழைய அலுவலகத்துக்காரர்களும் இதைப் பற்றி விசாரிப்பதுண்டு. அவர்களுக்குச் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

தஞ்சாவூர் என்றால் பெரிய கோயில். அதைத்தான் பலமுறை பார்த்தாகிவிட்டதே, இனி என்ன இருக்கிறது?

பெரிய கோயிலைப் பலமுறை பார்த்தவர்களிடம் அரண்மனைக்குள் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "உள்ளே ஏதோ மியூசியம் இருக்கிறது, நேரம் இல்லை" என்பார்கள். வெளியூரிலிருந்து வேன் பிடித்து வருபவர்களுக்கு உண்மையிலேயே நேரம் இருக்காது. நமக்கு இருக்கிறது.

கீழராஜ வீதியில் இருக்கும் அரண்மனை 16ஆம் நூற்றாண்டில் நாயக்கர்கள் கட்டத் தொடங்கியது. அவர்களுக்குப் பின் வந்த மராட்டியர்கள் 1855 வரை இங்கே இருந்தார்கள். இன்று அதே வளாகத்துக்குள் கலைக்கூடம், சரஸ்வதி மகால் நூலகத்தின் அருங்காட்சியகம், மராட்டியர் தர்பார் கூடம் எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன. எதுவும் பெரிதல்ல. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஒரு பகுதியைச் சுற்றி முடிப்பதற்குள் கால் கெஞ்சும். இங்கே ஒரு கூடத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து மர நிழலில் உட்கார்ந்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா?

முடியும், ஆனால் வேண்டாம். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்தவரிடம் மறுநாள் கேட்டால் "நிறைய சிலை இருந்தது" என்பார்.

என் யோசனை, ஒரே ஒரு மனிதரைப் பிடித்துக்கொண்டு நாள் முழுவதும் அவர் பின்னால் போவது. தஞ்சாவூரில் அதற்கு ஏற்ற ஆள் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி. அவருடைய சிலை கலைக்கூடத்தில் நிற்கிறது. அவர் சேர்த்த நூல்கள் பக்கத்துக் கட்டடத்தில் இருக்கின்றன. அவருடைய ஆசிரியரின் நினைவுச் சிற்பம் சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய தேவாலயத்தில் இருக்கிறது. அவர் வெட்டுவித்த கல்வெட்டு பெரிய கோயிலின் திருச்சுற்றில் இருக்கிறது. நான்கு இடங்கள், ஒரு வாழ்க்கை. இந்த வரிசையில் போனால் இடையில் வரும் மற்றவற்றையும் இயல்பாகப் பார்த்துவிடுவீர்கள்.

சரபோஜியிடம் அப்படி என்ன விசேஷம்?

முதல் விசேஷம், அவரும் நம்மைப் போல ஓய்வூதியர்.

1777இல் பிறந்தவர். துளஜா மன்னர் தம் இறுதிக் காலத்தில் அவரைத் தத்து எடுத்தார். மன்னர் இறந்ததும் அவருடைய சகோதரர் அமர்சிங் ஆட்சிக்கு வந்துவிட, சிறுவனான சரபோஜியின் பாதுகாப்பையும் படிப்பையும் ஸ்வார்ட்ஸ் என்ற ஜெர்மன் பாதிரியார் கவனித்துக்கொண்டார். 1798இல் சரபோஜி அரியணை ஏறினார். மறு வருடமே ஆங்கிலேயக் கம்பெனியுடன் ஓர் உடன்படிக்கை. நாட்டின் நிர்வாகம் கம்பெனிக்கு. மன்னருக்குக் கோட்டையும், பட்டமும், வருவாயில் ஒரு பங்கும், ஆண்டுத் தொகையும். இருபத்திரண்டு வயதில் வேலையில்லை, வருமானம் உண்டு.

அதற்குப் பிறகு அவர் 1832 வரை உயிரோடிருந்தார். அந்த ஆண்டுகளை என்ன செய்தார் என்பதைத்தான் அரண்மனையில் பார்க்கப் போகிறீர்கள். சுவடிகளைச் சேர்த்தார், ஐரோப்பாவிலிருந்து புத்தகங்களை வரவழைத்தார், தேவநாகரி எழுத்தில் அச்சடிக்க அச்சகம் வைத்தார், தன்வந்திரி மகால் என்று மருத்துவ ஆராய்ச்சிக்கு ஓர் இடம் ஏற்படுத்தினார், காசி யாத்திரை போனார். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாட 1814இல் சேதுபாவாசத்திரம் பக்கம் கடற்கரையில் மனோரா என்ற கோபுரத்தையும் கட்டினார். கம்பெனியை மகிழ்விக்கக் கட்டியது என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. நாட்டை எடுத்துக்கொண்டவர்களுக்கே வெற்றித்தூண் எழுப்புவது எனக்கும் உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் நூலகத்துக்குள் நுழைந்த பிறகு அவர்மேல் கோபம் நிற்பதில்லை.

எப்படிப் போவது? மூத்த குடிமக்களுக்குக் கட்டணச் சலுகை உண்டா?

திருச்சியிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். திருவெறும்பூர், பூதலூர், ஆலக்குடி என்று நின்று போகும் பாசஞ்சரே நல்லது. இரண்டு பக்கமும் வயல், அவசரமில்லாத கூட்டம். ரயில்வேயின் மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, இருந்தாலும் சாதாரண டிக்கெட் சட்டைப்பையைப் பெரிதாகத் தொடாது. பஸ்ஸில் வந்தால் புதிய பஸ் நிலையத்திலேயே இறங்கிவிடாதீர்கள். அது ஊருக்கு வெளியே இருக்கிறது. அரண்மனைக்குப் பக்கம் பழைய பஸ் நிலையம்தான்.

எந்த நேரத்தில் எங்கே இருக்க வேண்டும்?

தஞ்சையில் மதியம் என்பது மூடும் நேரம். கலைக்கூடமும் நூலகமும் மதிய இடைவேளை விடுகின்றன. பெரிய கோயில் சன்னதியும் பகலில் சாத்தி நான்கு மணிக்குத் திறக்கும். ஆகவே ஒன்பதரை மணிவாக்கில் அரண்மனைக்குள் இருப்பது நல்லது. முதலில் கலைக்கூடம், பிறகு நூலகம், ஒரு மணிக்குச் சாப்பாடு, கொஞ்சம் சாய்ந்திருத்தல், மாலையில் தேவாலயமும் கோயிலும்.

வளாகம் ஒன்றாக இருந்தாலும் நிர்வாகம் ஒன்றல்ல. அதனால் டிக்கெட்டும் தனித்தனி, வார விடுமுறையும் தனித்தனி. கிளம்புவதற்கு முன் அன்றைக்கு எது திறந்திருக்கும் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு டிக்கெட்டை வாங்கிவிட்டு "இது எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தானே?" என்று அடுத்த வாசலில் வாதாடுகிறவர்களை எப்போது போனாலும் பார்க்கலாம்.

எனக்குச் சிற்பக்கலை பற்றி ஒன்றும் தெரியாது. கலைக்கூடத்தில் போய் என்ன செய்வேன்?

ஒரே ஒரு சிலையைத் தேடிப் போங்கள். திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகன தேவர். செப்புத் திருமேனிகளில் பெரும்பாலானவற்றுக்கு நூற்றாண்டுதான் சொல்ல முடியும். இதற்குக் கல்வெட்டுச் சான்று இருப்பதால் ஆண்டே தெரியும்: 1011, முதலாம் ராஜராஜன் காலம். பக்கத்தில் நிற்கும் அம்மன் அடுத்த ஆண்டு செய்யப்பட்டது.

சிவன் கால்களைக் குறுக்காக வைத்து, ஒரு கையை ரிஷபத்தின் மேல் ஊன்றிச் சாய்ந்து நிற்கிறார். ஆனால் ரிஷபம் இல்லை, தொலைந்துவிட்டது. கை காற்றில் ஊன்றியிருக்கிறது. இருந்தும் அவர் சாய்ந்து நிற்பதில் உங்களுக்குச் சந்தேகமே வராது. சடையைத் தலைப்பாகை போலச் சுற்றி, அதில் பாம்பையும் கோத்திருக்கிறார்கள். முன்னால் பார்த்துவிட்டு நகர்ந்துவிட வேண்டாம். இயன்றவரை பக்கவாட்டிலும் பின்னாலும் போய்ப் பாருங்கள். இடுப்பு வளைவும் முதுகும் அங்கேதான் தெரியும். கோயிலில் பட்டும் மாலையும் மறைத்துவிடுகிற இந்த உடல்மொழியை இங்கே மட்டும்தான் பார்க்க முடிகிறது.

இவை எப்படிச் செய்யப்பட்டன என்று தெரிந்தால் பார்வை மாறும். முதலில் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முழு உருவத்தையும் மெழுகிலேயே வடிப்பார்கள். அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்துச் சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை வார்ப்பார்கள். ஆறியதும் மண்ணை உடைத்தால் சிலை. ஒரு வார்ப்பு ஒரு சிலைக்குத்தான். தவறினால் மெழுகிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான். சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் இப்படித்தான் செய்கிறார்கள். ஐம்பொன் என்று நாம் சொன்னாலும் பெரும்பகுதி செம்பு.

பீடங்களில் துளைகளும் வளையங்களும் இருக்கும். அவை உற்சவரைத் தண்டில் பிணைத்துத் தூக்கிச் செல்வதற்கானவை. இந்தத் திருமேனிகள் நின்றுகொண்டிருக்கச் செய்யப்பட்டவை அல்ல, வீதி உலா போகச் செய்யப்பட்டவை. படையெடுப்புக்கு அஞ்சி யாரோ மண்ணில் புதைத்து வைக்க, பல நூற்றாண்டுகள் கழித்து மண்வெட்டியில் தட்டுப்பட்டு வெளியே வந்தவை இப்படிப் பல. தோண்டும்போது கிடைப்பவை 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். கோயில் சிலைகள் அருங்காட்சியகத்துக்கு வந்த வழிகளில் அதுவும் ஒன்று. இந்தக் கலைக்கூடம் தொடங்கியதே 1951இல்தான்.

கற்சிலைகளில் தாராசுரத்திலிருந்து கொண்டுவந்த கஜசம்ஹார மூர்த்தியை விட்டுவிடாதீர்கள். யானையின் தோலை உரித்துப் போர்த்தியபடி சிவன் சுழலுகிறார். அதே தாராசுரத்துப் பிட்சாடனரும் ரிஷிபத்தினிகளும் அருகில் இருக்கிறார்கள். அந்தப் பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

பிறகு நாயக்கர் தர்பாரில் வெள்ளைப் பளிங்கில் கைகூப்பி நிற்கும் சரபோஜி. ஜான் ஃபிளாக்ஸ்மன் என்ற ஆங்கிலச் சிற்பி செய்தது. அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. சோழர் செப்புத் திருமேனிகளின் நெளிவைப் பார்த்துவிட்டு உடனே இதைப் பார்த்தால் கொஞ்சம் விறைப்பாகத்தான் தெரியும். இந்தச் சிற்பியின் பெயரை நினைவில் வையுங்கள், மாலையில் மறுபடி வருவார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் சாமியைக் கும்பிடலாமா?

தாராளமாக. அங்கே கைகூப்பாமல் போகிறவர்கள்தான் குறைவு. தொடாதீர்கள், விபூதி குங்குமம் வைக்காதீர்கள். கைப்பட்ட இடத்தில் உலோகம் கறுக்கும்.

சரஸ்வதி மகால் என்பது ஆராய்ச்சியாளர்களுக்கான இடமல்லவா?

நூலகம் ஆராய்ச்சியாளர்களுக்கு. அதன் முன்பகுதியில் உள்ள அருங்காட்சியகம் எல்லோருக்கும். நாயக்கர் காலத்திலேயே தொடங்கிய அரண்மனைப் புத்தகசாலையைச் சரபோஜி பெருக்கினார். 1918இல் அது பொதுமக்களுக்கானதாயிற்று. சுவடிகளில் வடமொழியே பெரும்பகுதி, தமிழும் மராத்தியும் தெலுங்கும் உண்டு. அரண்மனைக் கணக்குகள் மோடி என்ற வேக எழுத்தில் மூட்டை மூட்டையாக இருக்கின்றன.

என்னை அதிக நேரம் பிடித்து வைப்பது கண் மருத்துவப் பதிவுகள். தன்வந்திரி மகாலில் கண் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தபோது, ஒவ்வொருவருக்கும் நோய்க் குறிப்பு எழுதி, பாதிக்கப்பட்ட கண்ணை வண்ணத்தில் வரையவும் வைத்திருக்கிறார்கள். கண்புரை அறுவை செய்துகொண்ட வயதுக்காரர்கள் நாம். இருநூறு வருடத்துக்கு முன் தஞ்சாவூரில் இன்னொருவர் அதே நோய்க்கு எப்படி உட்கார்ந்திருப்பார் என்று எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியாது.

அடுத்தது ஃபிரெஞ்சு அரசவை ஓவியர் சார்ல்ஸ் லெ ப்ருன் வரைந்த முகங்களின் அச்சுப்படங்கள். மனித முகமும் விலங்கு முகமும் பக்கத்தில் பக்கத்தில்: ஆந்தைக்கு ஒத்த மனிதர், ஒட்டகத்துக்கு ஒத்த மனிதர். அலுவலகத்தில் உங்களுக்கு மேலதிகாரியாக இருந்தவர் எந்த விலங்கின் பக்கத்தில் இருக்கிறார் என்று தேடுங்கள், கட்டாயம் கிடைப்பார். சீனத் தண்டனை முறைகளைக் காட்டும் படங்களும் இருக்கின்றன. அவற்றைச் சாப்பாட்டுக்கு முன் பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து.

ஓலைச்சுவடி எப்படி இத்தனை காலம் தாங்குகிறது என்று கேட்பார்கள். ஓலையில் எழுத்தாணியால் கீறி, விளக்குக்கரியைத் தேய்த்தால் எழுத்து தெரியும். புல்தைலம் தடவினால் ஓலை வளையும், பூச்சியும் அண்டாது. வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, பட்டை, கற்பூரம் பொடித்துத் துணியில் முடிந்து சுவடிகளுக்கிடையே வைப்பதும் இங்கே பழைய வழக்கம். பாதி சரக்கு நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கிறது.

புகைப்படம்? நூலக அருங்காட்சியகத்தில் அனுமதி இல்லை. கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டால் பார்ப்பதும் கூடுதலாக நடக்கிறது.

மூட்டு வலி, சர்க்கரை, கழிப்பறை. இவற்றுக்கு என்ன வழி?

வெளிப்படையாகச் சொல்கிறேன். ஆயுத கோபுரம், மணி கோபுரம் ஆகியவற்றின் படிகள் குறுகலும் செங்குத்துமானவை. முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தால் போதும். கூடங்களில் நாற்காலி தாராளமாகக் கிடைக்காது, திண்ணையோ தூணடியோ பார்த்து உட்கார வேண்டும். கழிப்பறைக்கு ரயில் நிலையத்திலும் சாப்பிடும் ஓட்டலிலும் போய்விடுவது உத்தமம். வளாகத்தில் இருப்பதை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். சர்க்கரைக்காரர்கள் பதினொரு மணிக்கு வாயில் போட ஏதாவது எடுத்து வாருங்கள். கூடத்துக்குள் தின்ன வேண்டாம், முற்றத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி மிக உதவும். விவரச் சீட்டுகளின் எழுத்து நம் வயதை எண்ணி எழுதப்பட்டதல்ல. கோயிலுக்குத் தடித்த பருத்திக் காலுறை. நாலரை மணிக்கும் கருங்கல் தளம் சுடும்.

தை, மாசி மாதங்கள் சிறந்தவை. ஐப்பசி, கார்த்திகையில் மழை. சித்திரையில் வர வேண்டும் என்று யாராவது ஆசைப்பட்டால் அவருக்குத் தஞ்சை வெயில் பழக்கமில்லை என்று பொருள்.

மதியச் சாப்பாடு, அதன் பிறகு?

பழைய பஸ் நிலையத்தைச் சுற்றிலும் இலை போட்டுச் சாப்பாடு போடும் ஓட்டல்கள் இருக்கின்றன. பெயர் சொல்லி மாட்டிக்கொள்ள விருப்பமில்லை. உள்ளூர்க் கடைக்காரர்கள் எங்கே சாப்பிடப் போகிறார்கள் என்று பாருங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு சிவகங்கைப் பூங்காவுக்கு ஆட்டோவில் போய்விடுங்கள். 1870களில் நகராட்சி அமைத்தது, மரங்கள் நன்கு பருத்தவை. மூன்றரை வரை அங்கே நகர வேண்டாம்.

தேவாலயத்தில் அருங்காட்சியகம் ஏது?

இல்லை. ஒரே ஒரு சிற்பம் இருக்கிறது, அதற்காகத்தான். பூங்காவை ஒட்டி 1779இல் எழுந்த தேவாலயம் அது. மூடியிருந்தால் அருகில் விசாரித்து, பணிவாகக் கேளுங்கள். வழிபாட்டு நேரமென்றால் வெளியே காத்திருங்கள். உள்ளே ஃபிளாக்ஸ்மன் செதுக்கிய பளிங்குப் புடைப்புச் சிற்பம்: ஸ்வார்ட்ஸ் பாதிரியார் மரணப் படுக்கையில் கிடக்கிறார், சரபோஜி அருகில் நின்று அவர் கையைப் பற்றியிருக்கிறார், தலைமாட்டில் இன்னொரு பாதிரியார், பக்கத்தில் குழந்தைகள். ஸ்வார்ட்ஸ் 1798 பிப்ரவரியில் இறந்தார், சரபோஜி பட்டமேறிய அதே வருடம். இந்து மன்னர் ஒருவர் கிறிஸ்தவ குருவுக்காகக் கடல் கடந்து சிற்பம் செய்வித்திருக்கிறார். அரண்மனையில் தனியாகக் கைகூப்பி நின்றவர் இங்கே மாணவராக நிற்கிறார். இரண்டில் எது நல்ல சிற்பம் என்று என்னைக் கேட்டால் இதுதான்.

அப்படியானால் பெரிய கோயிலுக்கும் போக வேண்டுமா?

பக்கத்திலேயே இருக்கிறது, போகாமல் வந்தால் வீட்டில் கேட்பார்கள். தரிசனம் முடிந்ததும் திருச்சுற்றின் தென்மேற்கு மூலைக்கு நடங்கள். பிள்ளையார் சன்னதிப் பக்கம் சுவரில் நீளமான மராத்திக் கல்வெட்டு. 1803இல் சரபோஜி தம் போன்ஸ்லே வம்சத்தின் வரலாற்றை வெட்டச் செய்தது. ராஜராஜன் தம் கொடைகளைக் கல்லில் வெட்டிய அதே கோயிலில், ஆட்சியில்லாத ஒரு மன்னர் தம் குலக்கதையை எழுதி வைக்கிறார். எட்டு நூற்றாண்டு இடைவெளியில் இரண்டு பேருக்கும் நம்பிக்கையான காகிதம் இந்தக் கல்தான்.

கருவறையைச் சுற்றிய உள்வழியில் இருக்கும் சோழர் ஓவியங்களைப் பொதுவாக நேரில் பார்க்க விடுவதில்லை. 1931இல் கோவிந்தசாமி என்ற பேராசிரியர் கண்டறிந்தவை. வளாகத்திலேயே உள்ள விளக்கக் கூடத்தில் படங்களாகப் பார்க்கலாம்.

பேரக்குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

ஒரு திமிங்கலம் இருக்கிறது என்று சொல்லி அழைத்துப் போங்கள். பொய்யல்ல. 1955இல் தரங்கம்பாடிக் கடற்கரையில் ஒதுங்கிய திமிங்கலத்தின் எலும்புக்கூடு கலைக்கூடப் பகுதியில், படியேறிப் போகும் இடத்தில் கிடத்தப்பட்டிருக்கிறது. சோழர் சிலைகளுக்கு நடுவே அது எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. குழந்தைகளுக்கு அதுவும் லெ ப்ருன் முகங்களும் போதும். மூன்றாவதாக எதையும் திணிக்காதீர்கள்.

என் மனைவிக்கு அருங்காட்சியகம் என்றாலே அலுப்பு.

கட்டாயப்படுத்த வேண்டாம். கடைத்தெருவில் அவருக்கு நேரம் போகும், ஒரு மணிக்குச் சாப்பாட்டில் சந்தியுங்கள். என் வீட்டில் ஏற்பாடு நேர்மாறு. சிலைக்கு முன்னால் அவர் நிற்பார், நான் முற்றத்தில் காத்திருப்பேன்.

வழிகாட்டி வைத்துக்கொள்ளலாமா?

நல்ல குரல் உள்ளவராக இருந்தால் வைத்துக்கொள்ளலாம். சுரங்கப்பாதைக் கதையும், சாம்பார் இந்த அரண்மனையில்தான் பிறந்தது என்ற கதையும் கட்டாயம் வரும். ரசித்துக் கேளுங்கள், சான்று மட்டும் கேட்காதீர்கள்.

நினைவாக என்ன வாங்கலாம்?

எல்லோரும் தலையாட்டி பொம்மை வாங்குவார்கள். நீங்கள் நூலகத்தின் விற்பனைப் பிரிவுக்குப் போங்கள். தன் சுவடிகளையே பதிப்பித்து மலிவாக விற்கிறார்கள். சரபேந்திர வைத்திய முறைகள் வரிசையும், அரண்மனைச் சமையல் குறிப்புகள் அடங்கிய சரபேந்திர பாக சாஸ்திரமும் அங்கே வெளிவந்தவை. இருப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். வைத்திய நூலைப் படிக்கலாம், தானாக மருந்து செய்யத் தொடங்கிவிடாதீர்கள்.

இது பிடித்துப்போனால் அடுத்து எங்கே?

புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் சமஸ்தான காலத்தில் 1910இல் தொடங்கிய அருங்காட்சியகம். கல், காசு, பறவை, ஆயுதம் எல்லாம் ஒரே கூரையின் கீழ், பழைய பாணியில். அரை நாள் போதும். அரசு அருங்காட்சியகம் என்பதால் வெள்ளிக்கிழமை விடுமுறை. வேறு எந்த நாளையாவது தேர்ந்தெடுங்கள்.